‘இறுதிப் பட்டியல்’ என்று ஒன்று இல்லை: நினைவு ஆவணங்களைக் காக்க ‘கிட்’டை எப்படிப் பயன்படுத்துவது?

நினைவேந்தலுக்கு முதல்நாள் பின்னேரம். படுவான்கரையில் ஒரு ஊர். கொல்லப்பட்டவர்களினதும் காணாமல் ஆக்கப்பட்டவர்களினதும் பெயர்கள் அச்சிட்ட பதாகையைக் கோவில் முன்றலில் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு அம்மா கிட்ட வந்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். கடைசி வரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பவும் மேலிருந்து தொடங்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எங்கட மகன்ட பேரைக் காணல்லயே மனே?”

அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்களில் நானும் ஒருவன். ஆறு பேர் சேர்ந்து ஐந்து மாதமாக வீடு வீடாகப் போய் எழுதியது. அவருடைய மகனின் பெயரை அவருடைய வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதிக்கொண்டது நான்தான். ஆனால் பதாகையில் அது இல்லை.

அன்றிரவு மடிக்கணினியைத் திறந்தோம். எங்களுடைய ஆறு பேரின் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் அந்த எக்ஸல் கோப்பு பதினான்கு பிரதிகளாகக் கிடந்தது. ‘பட்டியல்_இறுதி’, ‘பட்டியல்_இறுதி_2’, ‘பட்டியல்_உண்மையான_இறுதி’, ‘பட்டியல்_அச்சுக்கு’. வட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்ப, இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் பழைய பிரதியில் வேறொன்றைத் திருத்தி... எது எதற்குப் பிந்தியது என்று எவருக்கும் சொல்ல முடியவில்லை. இரண்டு இரவுகள் வரிவரியாக ஒப்பிட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இரண்டு பேர். யாரோ ஒருவர் அதை இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒன்றை அழித்திருக்கிறார். நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். யார், எப்போது, ஏன் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

அந்த ஊரின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. ஆனால் இது அந்த ஓர் ஊரின் பிரச்சினை அல்ல.

எண்களுக்குள் மறையும் பெயர்கள்

வாவியின் இரு கரைகளிலும் 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளை மறந்தவர்கள் இல்லை. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். செப்டெம்பர் 5 வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டது. செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான். 1991 ஜூன் 12 கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு.

கொக்கட்டிச்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 152 பேர் என்று மக்கள் நினைவுகூர்கிறார்கள். அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழுவின் எண் 67. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் கணக்குப் பிழை அல்ல. அதற்குள் இருப்பவர்கள் மனிதர்கள். அந்தத் தூரத்தைப் பற்றி யாரிடமாவது வாதாட வேண்டுமானால் எண் போதாது, பெயர் வேண்டும். பெயர் மட்டும் இருந்தும் போதாது. அந்தப் பெயர் எப்போது பட்டியலுக்குள் வந்தது, யார் சொல்லி வந்தது, பின்னர் யார் திருத்தினார்கள் என்பதும் வேண்டும். இல்லாவிட்டால், “உங்கள் பட்டியலே மாதத்துக்கு ஒரு விதமாக இருக்கிறதே” என்ற ஒரு கேள்வியில் எங்கள் ஐந்து மாத வேலை முடிந்துவிடும்.

ஊடகக்கற்கையில் பட்டம் பெற்றவன் நான். நேர்காணல் எடுப்பதும் செய்தி எழுதுவதும் படித்தேன். சேகரித்த தகவலின் வரலாற்றை எப்படிக் காப்பது என்று படிக்கவில்லை. பதாகைச் சம்பவத்துக்குப் பிறகு, மென்பொருள் துறையில் வேலை செய்யும் ஒரு நண்பன் சொன்னான்: “அண்ணே, இது எங்கட ஆக்களுக்கு எப்பவோ தீர்ந்த பிரச்சினை. ‘கிட்’ படியுங்க.”

கிட் என்றால் என்ன?

கிட் ஒரு இலவச மென்பொருள். ஒரு கோப்புறையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எப்போது, என்ன குறிப்போடு செய்தார்கள் என்பதோடு சேர்த்துப் பதிந்துவைப்பது அதன் வேலை. இதைத்தான் பதிப்புக் கட்டுப்பாடு என்கிறோம்.

லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் இதை 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் குழுவினர் பயன்படுத்திய வர்த்தக மென்பொருளின் இலவச அனுமதி நிறுத்தப்பட்டதுதான் காரணம். அதே 2005 ஏப்ரல் மாத இறுதியில்தான் மட்டக்களப்பு மண்ணின் ஊடகவியலாளர் தராக்கி சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில்தான் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்க்கும் ‘நூலகம்’ திட்டமும் தொடங்கியது. இந்த மூன்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஆவணங்களையும் அவற்றை எழுதுபவர்களையும் இழந்துகொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு, அந்த வருடத்தில் வந்த இந்தக் கருவி தேவைப்பட்டிருந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நூலகம் தளத்தையோ தமிழ் விக்கிப்பீடியாவையோ பார்த்தவர்களுக்கு அடிப்படைக் கருத்து புதிதல்ல. விக்கிப் பக்கம் ஒவ்வொன்றிலும் ‘வரலாறு’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் பழைய பதிப்புகள் எல்லாம் வரிசையாக வரும். கிட் அதையே உங்கள் சொந்தக் கணினியில், இணையம் இல்லாமலே செய்கிறது.

மூன்று சொற்கள் தெரிந்தால் தொடங்கலாம்.

களஞ்சியம்: கிட் கண்காணிக்கும் கோப்புறை. உள்ளே மறைவாக ஒரு சிறு கோப்புறையில் முழு வரலாறும் இருக்கும்.

கொமிட்: “இந்த நிலையைப் பதிந்துகொள்” என்று நீங்கள் சொல்லும் கணம். ஒவ்வொரு கொமிட்டுக்கும் ஒரு குறிப்பு எழுதவேண்டும். “12ஆம் வரி: தாயார் நேரில் சொன்னபடி வயது 19 என்று திருத்தப்பட்டது” என்பதுபோல.

குளோன்: களஞ்சியத்தின் பிரதி. வெறும் கடைசிப் பதிப்பு அல்ல, முழு வரலாற்றோடும் கூடிய பிரதி.

மூன்றாவது எங்களுக்கு முக்கியமானது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. பலவற்றுக்கு வேறு பிரதியே இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 கல்லடியிலும் நாவலடியிலும் கடல் கொண்டுபோனவற்றில் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் போரில் இறந்த பிள்ளைகளின் ஒரே புகைப்படங்களும் இருந்தன. ஒரே இடத்தில் வைத்தது ஒரே நாளில் போய்விடும். ஆறு பேர் ஆறு கணினிகளில் குளோன் வைத்திருந்தால், ஐந்து கணினிகள் போனாலும் ஆறாவதிலிருந்து முழு வரலாற்றையும் மீட்கலாம்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒவ்வொரு கொமிட்டுக்கும் கிட் நீண்ட ஓர் அடையாள எண்ணைக் கணிக்கிறது. அந்தக் கணக்கில் கோப்புகளின் உள்ளடக்கமும் முந்தைய கொமிட்டின் அடையாள எண்ணும் சேர்ந்திருக்கும். ஆகவே பழைய பதிவு ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பிந்திய எல்லா எண்களும் மாறிவிடும். மற்றவர்களின் பிரதியோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். இது ஒரு தகவல் உண்மை என்று நிரூபிக்காது. கொமிட்டிலுள்ள பெயரையும் திகதியையும் கூடப் பொய்யாக இடமுடியும். ஆனால் எல்லோர் கையிலும் பிரதி இருக்கும்போது, கள்ளமாகப் பழையதை மாற்றிவிட்டு “இது முதலே இப்படித்தான் இருந்தது” என்று யாரும் சொல்லமுடியாது.

தொடங்குவதற்கு முன்: தமிழ் எழுத்துச் சிக்கல்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் சொல்லாத நான்கு விடயங்களை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒன்று, பாமினி. எங்கள் ஊர்ப் பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. கணினிக்கு அவை தமிழே அல்ல, அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள். முதலில் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றுங்கள்.

இரண்டு, கோப்பு வகை. வேர்ட், எக்ஸல் கோப்புகளையும் கிட் பதியும். ஆனால் எந்த வரி மாறியது என்று காட்டாது. வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால்தான் காட்டும். பட்டியலை ‘சிஎஸ்வி’ வடிவில், ஒருவருக்கு ஒரு வரி என்று வையுங்கள். எக்ஸலில் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்பதைத் தெரிவுசெய்யவேண்டும். சாதாரண சிஎஸ்வியைத் தெரிவுசெய்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

மூன்று, கொம்பும் காலும். ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: ‘க’வோடு ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனி இரண்டு குறிகளாக. திரையில் வித்தியாசம் தெரியாது. கிட்டுக்கு இரண்டும் வேறு வேறு. ‘கொக்கட்டிச்சோலை’ என்று தேடினால் பாதிப் பேர் வராமல் போனதற்கு எங்களிடம் இதுதான் காரணம். எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்துவது நல்லது.

நான்கு, தமிழில் பெயரிட்ட கோப்புகளைக் கிட் தொடக்கத்தில் சாய்கோடுகளும் எண்களுமாகக் காட்டும். கோப்பு பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கிட்டின் அமைப்பில் ‘கோர் கோட்பாத்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும்.

முதல் நாள்

கிட்டை அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். விண்டோஸில் அதோடு ‘கிட் பாஷ்’ என்ற கறுப்புத் திரையும் வரும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சுச் செய்யவேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.

முதலில் ‘கிட் கொன்ஃபிக்’ கட்டளையால் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுக்கவேண்டும். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நீங்கள் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் ஒவ்வொரு கொமிட்டிலும் நிரந்தரமாகப் பதியும். களஞ்சியத்தைப் பார்க்கும் எவரும் அதைப் பார்க்கலாம். எங்கள் குழுவில் புனைபெயர்களையும், இதற்கென்றே திறந்த மின்னஞ்சலையும்தான் பயன்படுத்துகிறோம்.

பிறகு பட்டியல் இருக்கும் கோப்புறைக்குள் போய் ‘கிட் இனிட்’. அது களஞ்சியமாகிவிடும். கோப்பை மாற்றிய பின் ‘கிட் ஆட்’ என்றால், எந்த மாற்றங்களைப் பதியவேண்டும் என்று தெரிவுசெய்வது. ‘கிட் கொமிட்’ என்றால் குறிப்போடு பதிவது. ‘கிட் டிஃப்’ என்ன மாறியிருக்கிறது என்று காட்டும். ‘கிட் லொக்’ இதுவரை நடந்தவற்றை வரிசையாகக் காட்டும். ‘கிட் ஸ்டேட்டஸ்’ இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். தடுமாறினால் முதலில் இதைத்தான் தட்டவேண்டும். முதல் வாரத்துக்கு இந்த ஆறு கட்டளைகளே போதும்.

பூட்டும் திறப்பும்

ஒருவர் மட்டும் வேலை செய்தால் கதை இங்கே முடிந்துவிடும். ஆறு பேர் என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு களஞ்சியம் தொலைவில் எங்காவது இருக்கவேண்டும். கிட்ஹப், கிட்லாப், கோட்பேர்க் போன்ற சேவைகள் இதற்கு இடம் தருகின்றன. தனியார் களஞ்சியம் என்று குறித்தால் நீங்கள் அழைப்பவர்களைத் தவிர வெளியார் பார்க்கமுடியாது.

இங்கேதான் பலர் முதல் நாளே மனம் விட்டுவிடுகிறார்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுப்பார்கள், ஏற்காது. கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13இலிருந்து கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக நான் பயன்படுத்துவது எஸ்எஸ்எச் திறப்பு.

எஸ்எஸ்எச் 1995இல் பின்லாந்தில் பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடியதை அடுத்து, தாத்து யுலோனென் என்ற ஆய்வாளர் இதை எழுதினார். அடிப்படை எளிது. உங்கள் கணினி ஒரு பூட்டையும் அதற்குரிய திறப்பையும் சோடியாக உருவாக்கும். பூட்டை யாரிடமும் கொடுக்கலாம், அதைக் கொண்டு எதையும் திறக்கமுடியாது. அதைக் கிட்ஹப்பிடம் கொடுத்துவிடுகிறீர்கள். திறப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. இணையும்போது, திறப்பு உங்களிடம் இருக்கிறது என்பதைக் கணினி ஒரு கணக்கின் மூலம் நிரூபிக்கும். இரகசியம் எதுவும் கம்பியில் பயணிப்பதில்லை என்பதால் நடுவில் திருடவும் எதுவும் இல்லை.

செய்முறை இதுதான். ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளையைத் தட்டி, வகை ‘இடி25519’ என்று கொடுங்கள். எங்கே சேமிப்பது என்று கேட்டால் என்டரை அழுத்துங்கள். அடுத்து திறப்புக்கு ஒரு காப்புச்சொல் கேட்கும். வெறுமையாக விடலாம், ஆனால் விடாதீர்கள். மடிக்கணினி திருட்டுப் போனாலோ, யாராவது எடுத்துக்கொண்டு போனாலோ, காப்புச்சொல் இல்லாத திறப்பு கதவில் தொங்கும் திறப்புக்குச் சமன். ‘எஸ்எஸ்எச் ஏஜென்ட்’ என்ற துணைச் செயலி காப்புச்சொல்லை ஒருமுறை கேட்டு அன்றைய வேலை முடியும்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். ‘கடவுச்சொல் இல்லாமல்’ என்று சொல்வதன் பொருள், ஒவ்வொரு முறையும் தட்டத் தேவையில்லை, வெளியே அனுப்பத் தேவையில்லை என்பதுதான். காவலே இல்லை என்பது அல்ல.

இப்போது இரண்டு கோப்புகள் உருவாகியிருக்கும். பெயரின் முடிவில் ‘பப்’ என்று இருப்பது பூட்டு. அதைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒற்றை வரியை முழுதாகப் பிரதியெடுத்து, கிட்ஹப் கணக்கின் அமைப்புகளில் எஸ்எஸ்எச் திறப்புகளுக்கான இடத்தில் ஒட்டுங்கள். மற்றக் கோப்புத்தான் திறப்பு. அதை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், மின்னஞ்சலில் போடாதீர்கள், நண்பருக்கும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கணினிக்கும் தனித் திறப்புச் செய்துகொள்வதே முறை. ஒரு கணினி தொலைந்தால் அதன் பூட்டை மட்டும் கணக்கிலிருந்து கழற்றிவிடலாம்.

முதன்முறை இணையும்போது, எதிரே இருக்கும் சேவையகத்தின் கைரேகை என்று ஒரு நீண்ட எழுத்து வரிசையைக் காட்டி “நம்பலாமா?” என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு ‘யெஸ்’ தட்டவேண்டாம். கிட்ஹப் தன் கைரேகைகளைத் தன் தளத்தில் வெளியிட்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள். பிறகு உங்கள் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டு, ‘ஷெல்’ அனுமதி இல்லை என்று ஒரு வசனம் வரும். அது பிழைச் செய்தி அல்ல. இணைப்பு சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

இதன் பின்னும் கடவுச்சொல் கேட்டால் ஒரே காரணத்தைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். களஞ்சியத்துக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குவதைப் போட்டிருப்பீர்கள். ‘கிட்’ என்று தொடங்கும் எஸ்எஸ்எச் முகவரிக்கு மாற்றிவிட்டால் சரி.

இனி ‘கிட் புஷ்’ என்றால் உங்கள் கொமிட்டுகள் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். ‘கிட் புல்’ என்றால் மற்றவர்களுடையவை உங்களிடம் வரும். சிக்னல் இல்லாத ஊரில் நாள் முழுக்கக் கொமிட் செய்துவிட்டு, இரவு பட்டணத்துக்கு வந்து புஷ் செய்யலாம்.

இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றியிருந்தால் கிட் நின்றுவிடும். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது சரி என்று உங்களைக் கேட்கும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் எங்கள் பதாகையில் நடந்தது இந்தக் கேள்வி கேட்கப்படாததால்தான். யாரும் கேட்காமலே ஒரு வடிவம் மற்றதை விழுங்கிவிட்டது.

எதை உள்ளே வைக்கக்கூடாது?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகவேண்டாம்.

கிட் மறக்காது. ஒரு சாட்சியின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ தவறுதலாகக் கொமிட் செய்துவிட்டு அடுத்த கொமிட்டில் அழித்தாலும், பழைய கொமிட்டில் அது இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுதும் வழிகள் உண்டு. ஆனால் ஏற்கனவே குளோன் எடுத்தவர்களிடம் இருப்பதை மீளப்பெற முடியாது.

தனியார் களஞ்சியம் என்பதும் பூட்டிய பெட்டி அல்ல. சேவை வழங்கும் நிறுவனத்தின் கணினியில் அது வாசிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். எஸ்எஸ்எச் வழியைப் பாதுகாக்கிறது, போய்ச் சேரும் இடத்தை அல்ல. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்னென்ன செய்திருக்கிறது என்று எங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருப்பவர்களின் சாட்சியம், கொலையாளியை அடையாளம் காட்டியவரின் விபரம், குடும்பங்களின் முகவரி ஆகிய எதையும் நாங்கள் இதில் வைப்பதில்லை. மக்கள் ஏற்கனவே பகிரங்கமாக நினைவுகூரும் பெயர், வயது, திகதி, இடம் மட்டும்தான். அதற்கும் குடும்பத்தின் சம்மதம் கேட்கிறோம். வேண்டாம் என்று சொன்னவர்களின் பெயரை எழுதவில்லை.

நிறுவனங்களை நம்ப விரும்பாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பொதுக் களஞ்சியத்தை ஒரு பென்டிரைவிலோ உங்கள் குழுவின் சொந்தக் கணினியிலோ வைக்கலாம். கிட்டுக்கு கிட்ஹப் தேவையே இல்லை. கிட்ஹப் தொடங்கியது 2008இல், கிட் அதற்கு மூன்று வருடம் மூத்தது.

அந்த வரி

எங்கள் பட்டியல் இப்போது ஒரு களஞ்சியத்தில் இருக்கிறது. குழுவில் இரண்டு பேர் கறுப்புத் திரையோடு கோபித்துக்கொண்டு ‘கிட்ஹப் டெஸ்க்டொப்’ என்ற பொத்தான் அழுத்தும் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் சரிதான். ஒரே பெயர் கொண்ட இருவருக்கும் இனிக் குழப்பம் வராதபடி தனித்தனி இலக்கம் கொடுத்திருக்கிறோம். மூன்று பெயர்களின் எழுத்துக்கூட்டலில் குடும்பத்துக்குள்ளேயே இணக்கம் இல்லை. அந்த மூன்றையும் தீர்க்காமல், இரண்டு வடிவங்களையும் குறித்து வைத்திருக்கிறோம்.

அடுத்த நினைவேந்தலுக்கு முன் அந்த அம்மாவின் வீட்டுக்கு மடிக்கணினியோடு போனேன். மகனின் வரியைக் காட்டினேன். கீழே குறிப்பு இருந்தது: ‘விடுபட்ட பெயர் சேர்க்கப்பட்டது. தாயார் நேரில் தெரிவித்தது.’ வாசித்துக் காட்டினேன்.

“இனி ஆரும் அழிக்கேலாதா?” என்று கேட்டார்.

அழிக்கலாம் அம்மா, ஆனால் அழித்தது யார் என்று தெரியும் என்றேன். கொஞ்சநேரம் யோசித்தார். “அது காணும் மனே” என்றுவிட்டு, வயது ஒன்று கூடப் போட்டிருக்கிறோம் என்று சொன்னார். அந்த இடத்திலேயே திருத்தி, கொமிட் செய்தேன்.